நிதித்துறை வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கே போவதில்லையா?

முதலீட்டு நிதியங்களுக்கும் நிதித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் பணியாற்றும் வழக்கறிஞர் வழக்காடுவதில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை, அவருடைய களம் ஒப்பந்தம்தான். தனியார் முதலீட்டு நிதியங்களில், முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 8 சதவீத வருவாய் சேர்ந்த பிறகே மேலாளர் லாபத்தில் 20 சதவீதம் பெறலாம் என்பது பரவலான ஏற்பாடு. அந்த 8 சதவீதத்தைக் கட்டணங்களைக் கழிப்பதற்கு முன் கணக்கிடுவதா, கழித்த பின்பா என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால், பல ஆண்டுகள் கழித்துப் பெருந்தொகை யாருக்கு என்ற சச்சரவு எழும். ஆகவே, இத்துறைக்கு வரும் இளையவர்கள் முதலில் கணக்கு வாசிக்கப் பழக வேண்டும் என்பேன். நிதித் தொழில்நுட்பத்திலோ, செயலி வாடிக்கையாளரின் பணத்தைத் தன்வசம் வைத்திருக்கிறதா என்பது எந்த உரிமம் தேவை என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும். சட்டமும் ஓயாமல் மாறுகிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரிப்டோ சொத்துச் சந்தை ஒழுங்குமுறை 2023-இல் நிறைவேறி, 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.