ஆள்காட்டிக் குருவி ஏன் கத்துகிறது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 41 வயது. கோவையில் ஒரு வங்கியில் வேலை. கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அத்தை (கணவரின் அம்மா), இதுதான் என் வீடு. காலையில் அத்தைக்கு உடம்பு துடைத்து, டயபர் மாற்றி, ஊட்டிவிட்டு, டிபன் கட்டிக்கொண்டு பஸ் பிடிப்பேன். சாயங்காலம் வந்ததும் மறுபடி அதே வேலைகள். இரண்டு வருடமாக இப்படித்தான்.

முன்பெல்லாம் சினிமாவில் யாராவது அழுதாலே எனக்குக் கண் கலங்கிவிடும். போன மாதம் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் அம்மா தவறிவிட்டார். துக்கம் கேட்கப் போன இடத்தில், ‘நாளைக்கு இவள் கவுன்டரையும் நான்தான் பார்க்கணுமா’ என்ற நினைப்புதான் வந்தது. அத்தை சாப்பாட்டைத் தட்டிவிட்டுக் கத்தினால் எனக்கும் ஆத்திரம் வருகிறது. மகள் பள்ளியில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்லி அழுதபோது, “சரி சரி, போய்ப் படி” என்றேன். “உனக்கு யார் மேலயும் பாசமே இல்லைம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோழி ஒருத்தி, “இயற்கையைப் பார், அது உன்னை மாற்றும்” என்று தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறாள். மொட்டைமாடியில் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றணுமே என்று தோன்றியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. என் மனசு மரத்துப்போய்விட்டதா? இயற்கை நிஜமாகவே ஒருத்தரை மாற்றுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை


அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். செடியைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றத் தோன்றியது என்கிறீர்கள். எதிரில் இருக்கிற உயிருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கண்ணில் படுவதுதான் பரிவின் தொடக்கம். கண்ணீர் பிறகு வரலாம், வராமலும் போகலாம். உங்களிடம் பரிவு இருக்கிறது, தெம்புதான் தீர்ந்துவிட்டது. ஓய்வே இல்லாமல் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உணர்ச்சிகள் இப்படி மங்கிப்போவது சகஜம். உங்கள் குணம் கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இயற்கை மாற்றுமா என்று கேட்டீர்கள். அது யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடும் குயிலிடம் போய் நாம் அறம் கற்க முடியாது. ஆனால் நம் கவலைகளுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உயிரை உற்றுப் பார்க்கும்போது, ‘நான், என் வேலை, என் பாரம்’ என்கிற பிடி கொஞ்சம் தளர்கிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் சிலரை மிக உயரமான தைலமரங்களையும், வேறு சிலரை ஒரு உயரமான கட்டடத்தையும் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் கை தவறியது போலப் பேனாக்களைக் கீழே கொட்டினார். மரங்களைப் பார்த்தவர்கள் அதிகப் பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு நிமிட வியப்பில் சுபாவமே மாறிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் பார்வை நம்மை விட்டு வெளியே போனால், கையும் கொஞ்சம் அடுத்தவர் பக்கம் நீள்கிறது.

உங்கள் ஊர்க் குளக்கரைகளில் ஆள்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். நாம் சும்மா நடந்து போனாலே தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். சண்டைக்காரப் பறவை என்றுதான் தோன்றும். அது கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், கூழாங்கல்லோடு கல்லாகத் தெரியும் முட்டைகளை இட்டுவிட்டு, மிதித்துவிடுவோமோ என்று பதறித்தான் அப்படிக் கத்துகிறது. பத்து நிமிடம் ஒதுங்கி நின்று பார்த்தால்தான் அது புரியும்.

அத்தையையும் ஒருமுறை அப்படிப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவதே சிரமமாக இருக்கும். சிலருக்கு நினைப்பது வார்த்தையாக வராது, அழுகையும் கோபமும் கட்டுக்கு நிற்காது. எந்தச் சாப்பாட்டுக்குத் தட்டிவிடுகிறார், இருமுகிறாரா, புரையேறுகிறதா என்று கவனித்து அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். புரையேறுவது நுரையீரல் வரை பாதிக்கும்.

ஒவ்வொரு முறையும் உள்ளம் உருகினால்தான் அன்பு என்றும் நினைக்காதீர்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் தங்கியிருக்கும், சத்தம் கேட்டால் மிரண்டுவிடும் என்பதுதான் காரணம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் மத்தாப்பு ஆசை இருக்காதா? ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்கள் பறவைகளுக்காக மனம் கசிந்துகொண்டிருக்க மாட்டார்கள். பறவைக்கு என்ன ஆகாது என்று தெரிந்துகொண்டு அதை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். அது எனக்குப் பெரிய அன்பாகத் தெரிகிறது.

உங்களுக்கு இப்போது முதல் தேவை ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையின் பொறுப்பு முழுவதும் கணவருடையது என்று இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள். உதவியாகக் கேட்க வேண்டாம். அவருடைய அம்மா, அவருடைய பங்கு. அந்த நேரத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் போய்வாருங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். ஏதாவது ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து, அது என்ன செய்கிறது என்று இருவரும் பேசாமல் பாருங்கள். அப்புறம் மகளிடம், “அன்னைக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு கண்ணு?” என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை புத்திமதி வேண்டாம். முதல் வாரமே வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. தூக்கம் கெடுவது, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். குளக்கரை மட்டும் அதற்குப் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அல்லது அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.