நன்றி சொன்னால் காக்கா பிடிப்பதாகுமா?

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவி. நேற்று மாலை ஓர் இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணலுக்குப் போய்வந்தேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லிவிட்டேன். நன்றி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பலாம் என்று நினைத்தால், ‘அது காக்கா பிடிக்கிற வேலை’ என்கிறாள் தோழி. மனிதவள அலுவலரின் முகவரி மட்டுமே கையில் இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள், இன்றைக்கே. நேர்காணல் முடிந்து 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. பேசிய பேச்சு அப்போதுதான் இரண்டு பக்கமும் சூடு ஆறாமல் இருக்கும்.

உங்கள் தோழி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு நன்றி, தங்கள் நிறுவனத்தில் சேர்வது என் வாழ்நாள் கனவு’ என்று எழுதினால் அது காக்கா பிடிப்பதேதான். யாரும் யாருக்கும் எழுதக்கூடிய வரிகள் அவை. நேர்காணல் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவர் எங்கள் மூவருக்கும் ஒரே மடலை அனுப்பியிருந்தார். எனக்கு வந்ததில் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் இருந்தது. நேர்காணலில் நன்றாகப் பேசிய பிள்ளை. இதை அனுப்பாமலே இருந்திருக்கலாமே என்று மனம் சங்கடப்பட்டது.

அதனால் அந்த அறையில் நடந்த பேச்சிலிருந்தே ஒன்றை எடுத்து எழுதுங்கள். ‘பழைய தரவுகளைச் சரிபார்க்கவே பாதி நேரம் போய்விடுகிறது என்றீர்கள். என் கல்லூரித் திட்டப்பணியில் நானும் இரண்டு வாரம் அதில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன். அதை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது.’ இப்படி ஐந்தாறு வரி போதும். அங்கே உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டவரால் மட்டுமே இதை எழுத முடியும்.

தவறாகச் சொன்ன பதிலையும் இதிலேயே திருத்தலாம். ‘அந்தக் கேள்விக்கு நான் சொன்னது தவறு, பிறகு பார்த்தேன், சரியான விடை இது’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். பதற்றம், தூக்கமின்மை என்று காரணம் அடுக்க வேண்டாம். நடுவில் தயங்கியதற்கும் திக்கியதற்கும் மன்னிப்புக் கேட்கவே கேட்காதீர்கள். அவர்கள் மறந்துபோனதை நீங்களே ஏன் நினைவூட்ட வேண்டும்?

முகவரி இல்லையே என்று கவலை வேண்டாம். நேர்காணல் நேரத்தைக் குறிப்பிட்டு வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள்; எந்த நேர்காணல் என்று மனிதவள அலுவலர் தேட வேண்டியிருக்காது. ஏற்பாடு செய்த அவருக்கும் ஒரு நன்றி சொல்லி, மற்ற மூவருக்கும் இதைச் சேர்ப்பிக்கும்படி கேளுங்கள். யாருடைய கைபேசி எண்ணையோ தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடாது. பரிசுப்பொருள் அறவே கூடாது.

முடிவு எப்போது தெரியும் என்று இந்த மடலில் கேட்காதீர்கள். அவர்கள் சொன்ன தேதி கடந்து இரண்டு மூன்று நாள் ஆனபின் தனியாகக் கேட்கலாம். நன்றிக்குப் பெரும்பாலும் பதில் வராது. அதை வைத்து எதையும் கணக்குப் போட வேண்டாம்.

எழுதி முடித்ததும் அந்தத் தோழியிடமே படித்துக் காட்டுங்கள். எந்த வரியைக் கேட்டு அவள் முகம் சுளிக்கிறாளோ, அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.