கம்பம் ஏறுகிறவனுக்கு வெல்டிங் எதற்கு? – கேள்வி பதில்

சேலம், ஏற்காடு பக்கம் மின்சார லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெல்டிங் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஓமலூர் மாணவர்: அண்ணா, ஐ.டி.ஐ எலக்ட்ரீசியன் முடித்திருக்கிறேன். லைன் வேலையில் வெல்டிங் எங்கே வருகிறது?

கம்பியில் வராது தம்பி. ஏசிஎஸ்ஆர் கம்பிக்கு நடுவில் எஃகு இழை, சுற்றி அலுமினிய இழைகள். சூடு காட்டினால் அலுமினியத்தின் பலம் போய்விடும், இழுவை தாங்காது. அதனால் ஸ்லீவ் என்ற உலோகக் குழாயை மாட்டி அழுத்தித்தான் இணைக்கிறோம். பெரிய டவர்களும் போல்ட் நட்டில்தான் நிற்கின்றன. ஆனால் கிராஸ் ஆர்ம் (கம்பத்தின்மேல் கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கிளாம்ப், டிரான்ஸ்பார்மர் மேடை, துணை மின் நிலையத்தில் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பட்டை எல்லாம் இரும்பு. அங்கெல்லாம் வெல்டர் வேண்டும்.

அதிலும் எர்த் பட்டைதான் முக்கியம். மண்ணுக்குள் போனபின் யார் கண்ணுக்கும் படாது. ஒருமுறை மலையில் ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்தால், பட்டைகளை இரண்டு டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) மட்டும் வைத்து ஒப்பந்தக்காரர் மூடியிருந்தார். துரு ஏறி இணைப்பே விட்டுப் போயிருந்தது. ஃபால்ட் (மின் கோளாறு) வரும் நேரத்தில் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கவில்லை என்றால், அங்கே நிற்கிற ஆளின் உடம்பு வழியாகப் போகும். பட்டை அகலத்தைப் போல இரு மடங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சுற்றிலும் முழுதாக வெல்டிங் வையுங்கள். வெல்டிங்மேல் படியும் ஸ்லாக் கசடைத் தட்டிவிட்டு, தார் பூசியபின் மூடுங்கள்.

மேட்டூர் வாசகர்: வெல்டர் சான்றிதழை வைத்து மின்வாரியத்தில் கள உதவியாளர் ஆகலாமா?

அதற்கு எலக்ட்ரீசியன், வயர்மேன் மாதிரி மின் பிரிவு ஐ.டி.ஐதான் கேட்கிறார்கள். முதலில் அந்த இரண்டு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருட வெல்டர் படிப்பு. இரண்டும் தெரிந்த ஆளை ஒப்பந்தக்காரர்கள் விடமாட்டார்கள். உங்கள் ஊரிலேயே அனல் மின் நிலையம் இருக்கிறது. பாய்லர் குழாய் வெல்டிங்குக்குத் தனித் தேர்வு உண்டு, அதில் தேறியவருக்கு மதிப்பே வேறு.

நாகலூர் வாசகர்: மலையில் இந்த வேலை எப்படி இருக்கும்?

ஏற்காட்டில் காற்றடித்தால் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் லைன்மேல் சாயும், கிராஸ் ஆர்ம் வளைந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் சேலத்திலிருந்து புதுசு வரும்வரை ஊர் இருட்டில் கிடக்கக் கூடாது. அளவு பார்த்து அங்கேயே ஒன்று செய்துகொடுக்கத் தெரிந்தவர் இருந்தால் பொழுது சாயுமுன் லைன் ஏற்றிவிடலாம். ஆனால் வெல்டிங்கைக் கீழேயே முடியுங்கள். கம்பத்தின்மேல் மாட்டுவது லைன் கிளியர் (லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்கி, லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு போட்டபிறகுதான். ஈர மண்ணில் நின்று நனைந்த கையுறையோடு வெல்டிங் ராடு மாற்றவே மாற்றாதீர்கள். ராடில் வரும் எழுபது, எண்பது வோல்ட்டே ஈரத்தில் உயிரைக் குடிக்கும்.

கொண்டலாம்பட்டி பட்டறைக்காரர்: ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சாமான் வெல்டிங் செய்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வருகிறது, ஏன்?

துத்தநாகப் புகை. பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். வெல்டிங் விழும் இடத்தில் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள், காற்றோட்டமான இடத்தில் முகமூடியோடு செய்யுங்கள். பூச்சு போன இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மூச்சு முட்டினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.