அப்படியே போடவும்!

கேள்வி: விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் எதையாவது யாராவது அப்படியே படமாக எடுத்திருக்கிறார்களா? 1939இல் வந்த 'வுதரிங் ஹைட்ஸ்' பார்த்து நொந்துபோனேன். நாவலில் பாதியைக் காணோம்! (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 'அப்படியே' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்தத் தொழிலில் என்னை அதிகம் படுத்திய சொல் அதுதான். கதை அனுப்புகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் கூடவே ஒரு துண்டுச்சீட்டும் வைத்திருப்பார்: 'ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அப்படியே போடவும்.' ஒருவர் அதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் இழுத்திருந்தார். அவருடைய குறுநாவலில் முதல் அத்தியாயத்தில் முருகேசனாக அறிமுகமான கதாநாயகன் மூன்றாவதில் கணேசன் ஆகியிருந்தான். அண்ணன் தம்பியாக இருக்கும் என்று பொறுமையாகப் படித்தேன். ஐந்தாவதில் செத்துப்போன மாமியார் ஏழாவதில் காபி கொண்டுவந்து வைக்கிறார், அதுவும் சர்க்கரை கம்மியாக. சரி, ஆசைப்பட்டு எழுதியிருக்கிறார் என்று அப்படியே போட்டேன். மறுவாரம் ஆள் நேரிலேயே வந்துவிட்டார். "ஆசிரியர்னு உக்காந்திருக்கீங்க, இதைக்கூடப் பாக்க மாட்டீங்களா சார்?" அன்றோடு அவர் என்னிடம் பேசுவதில்லை. நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதை அப்படியே எடுக்கச் சொல்கிறீர்கள்? சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவல் பிறந்த கதையைப் பாருங்கள். 'ஆல் தி இயர் ரவுண்ட்' டிக்கன்ஸே ஆசிரியராக இருந்து நடத்திய வாரப் பத்திரிகை. 1860இல் அதில் சார்லஸ் லீவர் என்பவரின் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. கதை ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடியவர்கள் வாசகர்கள். விற்பனை சரிந்தது. நிதானமாக எழுத நினைத்திருந்த கதையை வாரத் தொடராக மாற்றிக்கொண்டு அந்த டிசம்பரில் டிக்கன்ஸ் தானே இறங்கினார். (நம் தொடர்கதை எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை: விற்பனை சரிந்தால் எங்களுக்கும் கை பரபரக்கிறது. நாங்கள் டிக்கன்ஸ் இல்லாததால் பிழைத்தீர்கள்.)

அதன் முடிவுதான் வேடிக்கை. கதாநாயகன் பிப்பும் அவன் ஆசைப்பட்ட எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் எதேச்சையாகச் சந்தித்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிகிறார்கள் என்றுதான் முதலில் எழுதினார். புரூஃப் படித்த நண்பர் புல்வர் லிட்டன், இப்படி முடிக்க வேண்டாம் என்றார். டிக்கன்ஸ் மாற்றிவிட்டார், எஸ்டெல்லா வளர்ந்த, இப்போது இடித்துத் தள்ளிவிட்ட பழைய வீட்டின் தோட்டத்திலிருந்து இருவரும் கைகோத்து வெளியேறுகிறார்கள். 1946இல் இயக்குநர் டேவிட் லீன் படமாக்கியபோது அந்த இரண்டையும் எடுக்கவில்லை. நாவலில் இடிந்துவிட்ட வீடு படத்தில் நிற்கிறது. பிப் உள்ளே போய், வருஷக்கணக்காக மூடிக் கிடந்த ஜன்னல் திரைகளைப் பிய்த்து எறிகிறான். தூசியும் வெயிலுமாக அறை நிறைகிறது. டிக்கன்ஸ் எழுதாத முடிவு. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அதே லீன் 'அப்படியே' எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. 1948இல் 'ஆலிவர் ட்விஸ்ட்'. திருட்டுப் பையன்களை வைத்துப் பிழைக்கும் கிழவன் ஃபாகினாக அலெக் கின்னஸ். நாவல் முதலில் வந்தபோது ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் வரைந்த படங்களைப் பார்த்து ஒப்பனை செய்தார்கள். என்ன மூக்கு! ஆள் வருவதற்கு முன் அது வந்துவிடும். யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்ற போர் முடிந்து மூன்றே வருஷம். பெர்லினில் திரையிட்டபோது கலாட்டாவே நடந்தது. அமெரிக்காவில் 1951 வரை படம் வெளியாகவில்லை, வெளியானபோதும் வெட்டித்தான் காட்டினார்கள். இதில் கவனியுங்கள்: 1863இல் ஒரு யூதப் பெண்மணி டிக்கன்ஸுக்கு வருத்தப்பட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வந்த பதிப்பில், ஃபாகினைப் பேர் சொல்லாமல் 'யூதன்' 'யூதன்' என்று எழுதியிருந்த இடங்களில் பலவற்றை அவரே அடித்துவிட்டார். எழுதியவர் அழித்ததைப் படமெடுத்தவர் மாவு பிசைந்து மூக்கில் ஒட்டிவிட்டார்.

சரி, எமிலி பிராண்ட்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்'. பாதி போனது உண்மை. நாவலில் 34 அத்தியாயம். படத்தில் அடுத்த தலைமுறை பிறக்கவே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நடக்கிற கதையை, கவுன் எடுப்பாக இருக்கும் என்று பிந்தைய காலத்துக்கு நகர்த்தினார்கள். கலிபோர்னியாக் குன்றுகளுக்கு, கதை நடக்கிற இங்கிலாந்து யார்க்‌ஷயர் வேஷம். காதலர்களின் ஆவி சேர்ந்து நடந்து போகிற கடைசிக் காட்சியை இயக்குநர் வில்லியம் வைலர் எடுக்க மாட்டேன் என்றார். தயாரிப்பாளர் கோல்ட்வின் வேறு இரண்டு பேரை நடக்கவிட்டு எடுத்து ஒட்டிக்கொண்டார். தயாரிப்பாளர் எந்த ஊரிலும் தயாரிப்பாளர்தான்.

ஆனால் நான் அந்தப் படத்தைப் பார்த்தால் கண் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நாவலில் கதாநாயகன் ஹீத்கிளிஃப் லிவர்பூல் தெருவில் கிடந்து எடுத்துவந்த கருத்த பையன். பக்கத்து வீட்டு லிண்டன், லஸ்கராக இருக்குமோ என்கிறார். லஸ்கர் என்றால் வெள்ளைக்காரன் கப்பலில் கூலிக்குப் போன நம் பக்கத்து மாலுமி. வளர்த்த வேலைக்காரி நெல்லியோ, உங்கப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருந்தால் யார் கண்டது என்று அவனைத் தேற்றுகிறாள். அந்த வேஷத்தில் லாரன்ஸ் ஒலிவியே, அசல் ஆங்கிலேயர். அவன் காதலி, வெள்ளைக்கார வீட்டுப் பெண் கேத்தியாக மெர்ல் ஓபரான். அவர் 1911இல் பிறந்தது பம்பாயில். பெற்றோர் வைத்த பேர் எஸ்டெல் (பிப்பின் எஸ்டெல்லா ஞாபகம் வருகிறதா?). தாய்வழி வேர் இலங்கையில். உலகத்துக்கு அவர் சொல்லிக்கொண்டது, ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட்டில் பிறந்தேன் என்று. அம்மாவாக இருந்து வளர்த்த சார்லட் மாநிறம். லண்டன் வீட்டில் விருந்தாளிகள் வந்தால், அந்த அம்மாளை வேலைக்காரி என்று சொல்லிவைத்ததாகச் சொல்வார்கள். 1978இல் 'எங்கள் ஊர்ப் பெண்' என்று ஹோபார்ட் நகரம் வரவேற்புகூடக் கொடுத்தது. மறுவருஷம் போய்ச் சேர்ந்தார். உண்மை அதற்கப்புறம்தான் வெளியே வந்தது.

இந்திய ஜாடை இருக்க வேண்டிய பாத்திரத்தில் அது துளியும் இல்லாத ஆள். இருந்த ஜாடையைப் பவுடர் போட்டு மறைத்துக்கொண்டவர் எதிரே நிற்கிறார். நின்று, "நான்தான் ஹீத்கிளிஃப்" என்கிறார். நாவலில் உள்ள வசனம். படத்திலும் அப்படியே இருக்கிறது.

காணாமல் போன பாதியைப் புத்தகத்தில் 18ஆம் அத்தியாயத்திலிருந்து படித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் கேள்வி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அப்படியே போடவில்லை.