ஸ்பிண்டிலைக் கையால் சுற்றாதே, தம்பி

ஆறு வருஷம் சிஎன்சி என்ற கணினி வழி வெட்டும் மெஷின் ஓட்டிவிட்டு, வைர டூலில் நுண்லென்ஸ் அச்சு கடையும் கம்பெனிக்கு வெளிநாடு வருகிறேன், வீடு, மொழி, வேலை எல்லாம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். வீடு கிடைத்துவிடும். மொழி வேலையிடத்திலேயே வாய்க்கு வந்துவிடும். வேலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் வந்து மூன்றாம் நாள். மெஷின் நின்றிருந்தது. சாதாரண லேத்தில், கடையும் துண்டைப் பிடிக்கும் சக்கைச் சுற்றிப் பார்த்துப் பழகிய கை, அந்தத் துண்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் திருப்பிவிட்டது. அது ஏர் பேரிங். தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே சில மைக்ரான் காற்றுப்படலம்தான் தாங்குகிறது; மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அன்று காற்றை நிறுத்தியிருந்தார்கள். கால் சுற்றுகூட வந்திருக்காது, விரலில் ஒரு கரகரப்பு. பயந்துபோய் மத்தியானம்வரை வாயைத் திறக்கவில்லை. அதற்குள் வேறொருவர் அதில் ஜாப்பை, அதாவது கடையவேண்டிய துண்டை, ஏற்றி, பளபளப்பு வராமல் டூலை மாற்றி மாற்றிப் போட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். திருப்பியதைவிடச் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய தப்பு.

இங்கே பல வருஷமாக இருக்கும் நம் ஆட்களிலேயே இந்தப் பழக்கம் விடாதவர்கள் உண்டு. புரியாவிட்டாலும் "தெரியும், தெரியும்" என்பார்கள், டூல் முனை உடைந்தால் அடுத்த ஷிப்டுக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. அவர்களிடம் வேலை பழகாதே.

அடுத்தது சூடு. இதுவரை பத்து மைக்ரானுக்குள் நிறுத்தியதற்குப் பாராட்டு வாங்கியிருப்பாய். இங்கே பத்தில் ஒரு மைக்ரானுக்குள் வடிவம் நிற்க வேண்டும். 100 மில்லிமீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி ஏறினால் 2.3 மைக்ரான் நீளும். சும்மா நிற்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் சூட்டை விடுகிறது. அறையை 20 டிகிரியில் நிறுத்துவது அதனால்தான். கடைசி வெட்டு ஓடும்போது கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன், இரண்டு ஜாப் போச்சு.

வைரம் எதையும் வெட்டும் என்று எண்ணிக்கொண்டும் வராதே. வைரம் கரி. வெட்டும் இடத்தின் சூட்டில் இரும்பு அந்தக் கரியை இழுத்துக்கொள்ளும், முனை சீக்கிரமே மழுங்கிப்போகும். அதனால் எஃகு அச்சின்மேல் நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு ஏற்றி, பூச்சைத்தான் கடைகிறோம். டூலை ஜாப்மேல் தொட வைத்து செட்டிங் எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடு. முனை பொட்டென்று தெறிக்கும்.

பிசிறு, நுண்துளை, கம்பி வெட்டு இதெல்லாம் வந்தபின் தானாகப் பழகிவிடும். டூலின் மைய உயரம்தான், அதாவது டூல் முனையைச் சுழலும் மையத்துக்கு நேராக நிறுத்துவதுதான், ஆளைச் சோதிக்கும். மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் கடையும் தட்டின் நடுவே குட்டி முளை ஒன்று நின்றுவிடும். மைக்ராஸ்கோப்பில் அதன் வடிவத்தைப் பார்த்து, ஏற்றவா இறக்கவா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் கடைந்து கடைந்து, ஒரு நாள் ராத்திரி அந்த முளை இல்லாமல் ஒரு தட்டு வந்தது. விளக்கில் சாய்த்தால் வானவில் ஓடியது. மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் சாய்த்துப் பார்த்தார். "ஃபீட் கோடு தெரிகிறது, வானவில் போகிறவரை ஃபீடைக் குறை" என்றார். டூல் நகரும் வேகம்தான் ஃபீட், அது விட்டுப்போகும் தடம்தான் அந்தக் கோடு. அந்த வாரம் இன்னும் பதினோரு தட்டு கடைந்தேன்.