புவியியல் வகுப்பு: கேள்விகளும் பதில்களும்

கடலூர் மாவட்டத்தில் உயர்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு மாணவரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை: தீர்க்கக்கோடும் நேரமும் பாடத்தில் பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் எதற்கு என்று புரிந்த மாதிரி இல்லை. என்ன செய்யலாம்?

கணக்கைப் பின்னால் வையுங்கள் டீச்சர். முதலில் மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்கு வெளியே இருக்கும். சுருங்கிச் சுருங்கி ஒரு நேரத்தில் வட்டத்தைத் தொட்டு உள்ளே போகும். மதியத்துக்கு மேல் நீண்டு மறுபடி தொடும். இரண்டு நேரத்துக்கும் நடு நேரம்தான் நம்மூர் உச்சிவேளை. நேரடியாகக் குட்டை நிழலைத் தேடினால் ஏமாற்றும், உச்சியை ஒட்டி நிழல் ரொம்ப மெதுவாகத்தான் மாறும்.

பன்னிரண்டு மணி வரும் என்று வகுப்பே சத்தியம் செய்யும். பிப்ரவரி நடுவில் செய்தால் 12.25 வாக்கில் வரும். "ஏன்?" என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். நம் கடிகாரம் 82°30' கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரப்படி ஓடுகிறது. கடலூர் ஏறக்குறைய 79°45'. இடைவெளி 2°45', டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 11 நிமிடம். மீதி 14 நிமிடம் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சின் சாய்வாலும் வருவது. நவம்பர் தொடக்கத்தில் அதே காரணத்தால் சூரியன் 16 நிமிடம் முந்திவிடும், உச்சிவேளை பன்னிரண்டுக்கு முன்பே முடிந்துவிடும். முடிந்தால் ஏப்ரல் 20, 21 தேதிகளில் ஒருமுறை வெளியே நில்லுங்கள். 12.10 வாக்கில் குச்சிக்கு நிழலே இருக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே கத்துவார்கள்.

பண்ருட்டி ஆசிரியர்: சம உயரக் கோடுகள் நடத்துவது பெரும்பாடு. நம்மூரில் மலையே இல்லையே?

உண்மைதான். 1:50,000 நிலவரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு கோடு. நம் கடலோரத் தாளில் அந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் களிமண்ணில் ஒரு குன்று பிடித்து அன்னக்கூடையில் வையுங்கள், ஒரு பக்கம் செங்குத்தாகவும் ஒரு பக்கம் சரிவாகவும். இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பைக் குச்சியால் கீறச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு இரண்டு. நான்கு கீறல் ஆனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலிருந்து பார்த்தால் செங்குத்துப் பக்கம் கோடுகள் நெருங்கியும் சரிவுப் பக்கம் விலகியும் இருப்பது தானாகப் புரியும். பிறகு செஞ்சிப் பக்கத்துத் தாளைக் கையில் கொடுங்கள்.

மஞ்சக்குப்பம், ஒரு தாய்: மகன் பத்தாம் வகுப்பு. வரைபடக் கேள்வியில்தான் மார்க் போகிறது.

வெற்று வரைபடத்தில் தினமும் ஐந்து இடம், புத்தகத்தைப் பார்க்காமல். தப்பானதை மட்டும் மறுநாள் சேர்த்துக்கொள்ளட்டும். வண்ணம் தீட்டுவதில் நேரம் போக வேண்டாம்.

பரங்கிப்பேட்டை மாணவர்: வடகிழக்குப் பருவக்காற்று நிலத்திலிருந்துதானே வருகிறது, அப்புறம் எப்படி நமக்கு மழை?

நல்ல கேள்வி தம்பி. ஆசியாவின் நிலப்பரப்பு குளிர்ந்ததும் அங்கே காற்றழுத்தம் கூடி, வறண்ட காற்று கடலை நோக்கிக் கிளம்புகிறது. அதனால்தான் வட இந்தியாவில் அது பெரிதாக மழை தருவதில்லை. நம்மிடம் வருவதற்குள் வங்கக் கடலைத் தாண்டுகிறது. வெதுவெதுப்பான கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டுதான் கரையேறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மறைப்பாக நிற்பதால், பெரிய மழை இந்தப் பருவத்துக்கென்று மிச்சமிருக்கிறது.

அதோடு புயல். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே நகராமல் நின்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதன்பின் திருவண்ணாமலைப் பக்கத்து மழை, சாத்தனூர் அணை வழியாகப் பெண்ணையாற்றில் இறங்கிக் கடலூருக்குள் வந்தது. ஆற்றின் வடிநிலம் என்றால் என்ன என்று இனி யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

லாஸ்பேட்டை ஆசிரியை: கடலரிப்பை நேரில் காட்ட எங்கே கூட்டிப் போகலாம்? வெளியே போக அனுமதி வாங்குவதும் சிரமம்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு எங்கே என்று கேட்கிறீர்களே! தென்மேற்குப் பருவத்து அலைகள் நம் கரையோர மணலை வடக்கே தள்ளுகின்றன, வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் மணல் தெற்குப் பக்கம் தங்கிவிட்டது. வடக்கே நகரின் கடற்கரை கரைந்து கருங்கல் மட்டும் நின்றது. கல் கொட்டிய இடம் தப்பித்தால் அதற்கு அடுத்த குப்பம் அரிக்கும். தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அந்தக் கதை போனது. பின்னர் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் தலைமைச் செயலகம் பக்கம் மணல் திரும்பியதையும் சொல்லுங்கள், தீர்வும் பாடம்தான்.

போக முடியாவிட்டால் கூகுள் எர்த்தில் துறைமுக முகத்துவாரத்தைப் பெரிதாக்கி, பழைய ஆண்டுகளின் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். சுவரின் தெற்கே மணல் எவ்வளவு அகலம், வடக்கே எவ்வளவு என்று பிள்ளைகளே அளந்து எழுதட்டும். நீங்கள் விளக்கம் சொல்வது அதற்கப்புறம் இருக்கட்டும்.

பாகூர் ஆசிரியர்: ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. சுவர் வரைபடம் இன்னும் வேண்டுமா?

வேண்டும் சார். ஆனால் சுவரிலேயே தொங்க வேண்டாம். தொங்குகிற படத்தில் வடக்கு 'மேலே' இருப்பதால், ஆறு என்றால் தெற்கே இறங்கத்தான் வேண்டும் என்று நம்புகிற பிள்ளைகள் நிறைய. கழற்றித் தரையில் விரித்து, படத்தின் கிழக்கை நிஜக் கிழக்கோடு பொருத்துங்கள். கெடிலமும் பெண்ணையாறும் எந்தப் பக்கம் போகின்றன என்று அவர்களே கை நீட்டிக் காட்டுவார்கள். உங்கள் பாகூருக்கு இன்னொரு வேலையும் உண்டு: புதுச்சேரி மாவட்ட எல்லையைப் பென்சிலால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழகத்துக்குள் புகுந்து, துண்டு துண்டாக வெளியே வந்து, ஒரு பீரியட் போய்விடும். காரைக்கால், மாஹே, ஏனாமை அடுத்த பீரியடுக்கு வையுங்கள்.