பார்க்க முடியாததையும் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

இயந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளைக் கல்லூரி நாட்களிலிருந்தே படித்து வருகிறேன். புதுவயலில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் அரிசி ஆலை இருக்கிறது. இயந்திரப் பொறியியல் முடித்த எனக்குக் கோவையில் வார்ப்புப் பாகங்களைச் சோதித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் போர்ஸ்கோப் (சிறு துளை வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழல்) இன்ஸ்பெக்டர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சில ஆண்டுகளில் விமான என்ஜின் பக்கம் போய்விட வேண்டும் என்பது என் ஆசை. அப்பச்சிக்கு இதில் சம்மதமில்லை. "ஓட்டைக்குள் கேமராவை விட்டுப் பார்க்கிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்கிறார். படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும் காலத்தில் இந்த வேலை நிலைக்குமா என்று அண்ணன் கேட்கிறார். எனக்கும் உள்ளூரத் தயக்கம் இருக்கிறது. இது பொறியாளர் வேலையா, ஆப்பரேட்டர் வேலையா?

வ., புதுவயல்

*

அன்புள்ள வ.,

கேமராவை உள்ளே செலுத்துவது ஆப்பரேட்டர் வேலைதான். கைப்பழக்கம் வந்துவிட்டால் அதில் பெரிய வித்தை இல்லை. திரையில் தெரிவது இன்னதென்று முடிவுசெய்து, அதை எழுதிக் கையெழுத்திடும் இடத்தில்தான் உங்கள் படிப்பு தேவைப்படுகிறது. என்ஜின் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் கேமராவை லாகவமாக ஓட்டுபவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நம்பிக் கையெழுத்து வாங்கக்கூடியவர்கள் குறைவாகவே இருந்தார்கள்.

அப்பச்சியிடம் உங்கள் ஆலை பாய்லரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நெல் அவிக்கும் நீராவி அதிலிருந்துதான் வருகிறது. உமி எரித்து ஓடும் பாய்லர் என்றால் பெரும்பாலும் நெருப்பும் புகையும் குழாய்களுக்கு உள்ளே போகும், தண்ணீர் வெளியே சூழ்ந்து நிற்கும். உப்புத் தண்ணீர் என்றால் குழாய்களின் வெளிப்புறத்தில் சுண்ணாம்புபோல் படிவு கட்டிக்கொள்ளும். படிவு தடித்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாது. குழாயின் உலோகமே சூடேறி வலுவிழக்கும். குழாய்க் கூட்டத்தின் நடுவில் என்ன நடக்கிறது என்று ஆள் நுழைந்து பார்க்க முடியாது. கைத்துளை வழியாக போர்ஸ்கோப்பை விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று தந்தால்தான் ஆலை ஓடும் என்பது உங்கள் அப்பச்சிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த அதிகாரியின் வேலையை அவர் ஒருபோதும் ஓட்டைக்குள் பார்க்கிற வேலை என்று சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் கற்கப்போவதும் அதே குலத்து வேலை.

இனி விமான என்ஜின். எரியறைக்கு அடுத்து இருக்கும் டர்பைன் பிளேடுகளின் மேல் பாயும் வாயுவின் வெப்பம், அந்த பிளேடு உருகும் வெப்பநிலையையே தாண்டும். நிக்கல் கலப்பு உலோகம், உள்ளே ஓடும் குளிர்காற்று, மேலே பூசிய பீங்கான் பூச்சு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன. பூச்சு பெயர்ந்தாலும் குளிர்காற்று வரும் நுண்துளைகள் அடைபட்டாலும் பிளேடு கருகத் தொடங்கும். என்ஜினைக் கழற்றாமல் இதைப் பார்ப்பதற்கென்றே அதன் உடலில் சிறு துளைகளை வைத்திருக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் தடிமன், சில சமயம் நான்கே மில்லிமீட்டர் உள்ள குழல் அதற்குள் போகும். நுனியில் இருக்கும் கேமரா அதிகம் போனால் நூறு டிகிரி வரைதான் தாங்கும். ஆகவே தரையிறங்கிய என்ஜின் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். இந்தச் சோதனை பெரும்பாலும் இரவில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரவுப் பணியைப் பற்றி வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்; அது தவிர்க்க முடியாதது.

குழலை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, பிளேடுகள் பொருந்திய சுழல்பகுதியான ரோட்டரை மெல்லச் சுழற்றுவார்கள். அறுபது எழுபது பிளேடுகள் ஒவ்வொன்றாகக் கேமராவைக் கடக்கும். முதல் பிளேடு எது என்று அடையாளம் வைத்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். நாற்பதாவது பிளேடைப் பார்க்கும்போது யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால், நல்ல இன்ஸ்பெக்டர் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். கரிக்கோடும் விரிசலும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஒளியின் கோணத்தை மாற்றும்போது கோடு நகர்ந்தாலோ மறைந்தாலோ அது பெரும்பாலும் நிழல் அல்லது பளபளப்பு. எந்தக் கோணத்திலும் அசையாமல் நின்றால் கவலைப்படத் தொடங்கலாம். கேமரா அருகே போனால் சிறு கீறலும் பெரிதாகத் தெரியும் என்பதால் கண்மதிப்பில் அளவு எழுதக் கூடாது. அளக்கும் வசதியுள்ள கருவியால் அளந்து, என்ஜின் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட்ட பிறகே பறக்கலாமா கூடாதா என்ற பேச்சு வரும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்துள்ள ஒன்றை. பிளேடின் அடிப்பகுதிக்குக் குழல் எட்டாமல் போகலாம். எண்ணெய்ப் படலம் மூடியிருக்கலாம். அப்போது "குறை ஏதுமில்லை" என்று எழுதினால் அது பொய். "இந்தப் பகுதியைப் பார்க்க முடியவில்லை, காரணம் இது" என்று எழுத வேண்டும். விமானம் காலையில் கிளம்ப வேண்டும், மேலாளர் பின்னால் நிற்கிறார் என்ற நேரத்தில் அந்த ஒரு வரியை எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். இந்தத் தொழிலின் மொத்த மானமும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டஸ் ஏ380 விமானத்தின் என்ஜின் ஒன்று சற்று நேரத்தில் வெடித்தது. விமானத்தில் இருந்த 469 பேரும் உயிர் தப்பினார்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து 2013இல் இறுதி அறிக்கை தந்தது. டர்பைன் தாங்கிக்கு (பேரிங்) எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சிறு குழாயின் முனையில் துளை மையம் விலகிக் குடையப்பட்டிருந்தது. அதனால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, நாளடைவில் விரிசல் கண்டு, எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது. டர்பைன் தட்டு கழன்று சிதறியது. சேவையில் இருந்த அதே வகை என்ஜின்களின் குழாய்களையெல்லாம் அதன் பிறகு போர்ஸ்கோப்பால் அளந்து பார்த்தார்கள். அந்த அறிக்கையில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. அந்தப் பாகத்தைச் செய்த ஆலையில், சிறியவை என்று ஊழியர்களே கருதிய குறைகளை அறிவிக்காமல் விடும் வழக்கம் இருந்திருக்கிறது. குறை தெரிந்தும் எழுதாமல் விடும் ஆலைக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பயன்படாது.

ஆகவே கோவையில் வார்ப்புப் பாகம் பார்ப்பதை விமானத்துக்குப் போவதற்கான காத்திருப்பு அறை என்று நினைக்காதீர்கள். ஒன்றையொன்று வெட்டும் துளைகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறு, வார்ப்பின் உள்வழியில் தங்கிய மணல் இவற்றைப் பிடிப்பது எளிதல்ல. விமானத்திலாவது கையேட்டில் வரம்பு எழுதியிருக்கும். தொழிற்சாலையில் பல நேரம் எது ஏற்கத்தக்கது என்பதையே வாடிக்கையாளரோடு உட்கார்ந்து படங்களை வைத்து முடிவுசெய்ய வேண்டியிருக்கும். அதில் பங்கெடுப்பவர் வேகமாக வளர்வார்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்சிச் சோதனையில் இரண்டாம் நிலைச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். சிதைவிலாச் சோதனைக்கான, அதாவது பாகத்தைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகளுக்கான, இந்தியச் சங்கம் சென்னையில்தான் இருக்கிறது. அதோடு சுழல் மின்னோட்டச் சோதனையையும் மீயொலிச் சோதனையையும் கற்றுக்கொள்ளுங்கள். போர்ஸ்கோப் மேற்பரப்பை மட்டுமே காட்டும். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானத்தின் விசிறி பிளேடு உடைந்து ஒரு பயணி இறந்தார். அந்த விரிசல் பிளேடு பொருந்தியிருக்கும் வேர்ப்பகுதியில் ஒளிந்திருந்தது. விமானப் பராமரிப்பு நிறுவனங்களில் அந்தந்த என்ஜின் வகைக்குத் தனிப் பயிற்சியும் நிறுவனத்தின் அங்கீகாரமும் கட்டாயம். விமானத்தையே பறக்க விடுவித்துக் கையெழுத்திட வேண்டுமென்றால் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் உரிமம் வேண்டும். அது தனிப் பாதை, கூடுதல் ஆண்டுகள். அரிமானம் (துருப்பிடிப்பதுபோல் உலோகம் அரிக்கப்படுவது) பற்றியும் ஆழமாகப் படியுங்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து காரைக்குடிக்குக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உங்கள் ஊரிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கிறது. அவர் லண்டனில் சட்டம் படித்த நாட்களில் விமானம் ஓட்டவும் கற்றவர் என்பதை அப்பச்சியிடம் சொல்லுங்கள்.

அண்ணனின் கேள்வி நியாயமானது. படங்களைத் தரம்பிரிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள், அது நன்றாகவே செய்கிறது. எழுபது பிளேடுகளில் சந்தேகப்பட வேண்டியவற்றை எடுத்துத் தந்தால் இன்ஸ்பெக்டரின் கண் களைக்காது, அதை வரவேற்கிறேன். ஆனால் கேமராவுக்கு எட்டாத பகுதி படத்தில் இருக்காது. படத்தில் இல்லாததைத் தேட, அந்த என்ஜினின் உட்புறத்தை மனத்தில் வைத்திருக்கும் ஆள் வேண்டும்.

சேர்வதற்கு முன் அந்த நிறுவனத்தின் அறிக்கைப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்ற இரண்டு கட்டங்களோடு, பார்க்க இயலாத பகுதிகளை எழுத இடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் தயங்காமல் சேருங்கள். இல்லையென்றாலும் சேரலாம்; ஆனால் முதல் அறிக்கையிலிருந்தே அதைக் குறிப்புப் பகுதியில் எழுதத் தொடங்கிவிடுங்கள். மேலதிகாரி ஏன் என்று கேட்டால் குவாண்டஸ் குழாயின் கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்